விழுங்குவதில் தொல்லையா? வாளாவிருத்தல் ஆகாது

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தோட்டப்புற மக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நாம் இன்று கூடியிருக்கும் இத்தீவின் பெயர் பாக்கோடு தொடர்புடையது. 'பினாங்' என்னும் மலாய்ச் சொல் பாக்கைக் குறிக்கும். 'பூலாவ் பினாங்' என்றால் பாக்குத் தீவு என்று பொருள். அந்தப் பாக்கைப் பற்றியும் இவ்வுரையின் நடுவே சில சொற்கள் கூறவிருக்கிறோம். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வாயில் இட்ட கவளம் வயிற்றுக்குச் சென்று சேராமல் நெஞ்சிலேயே நின்றுவிடும் நோயைப் பற்றியே பேசப் போகிறோம்.

காய்ச்சல், இருமல், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆனால் விழுங்குவதில் ஏற்படும் தொல்லையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்நோய் உடையவர்களே அதனைப் பிறரிடம் சொல்லக் கூசுகின்றனர். அவ்வாறு கூசி மறைப்பதால் ஆண்டுகள் வீணாகின்றன, உடல் உருகுகின்றது. ஆகவேதான் இதனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நம் கடமை எனக் கருதினோம்.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம்

பால்மரம் வெட்டும் ஒரு தாயை நாம் மனத்தில் எண்ணிப் பார்ப்போம். வயது நாற்பது. விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளுக்கு உணவு ஆக்கி வைத்துவிட்டு, வெட்டுக்குப் புறப்படுகிறவர். ஒரு நாள் காலையில் தின்ற ரொட்டி நெஞ்சுக்குள் நின்றுவிட்டதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. தண்ணீர் குடிக்கிறார், சற்று நேரத்தில் இறங்கிவிடுகிறது. 'அவசரமாகத் தின்றதால் வந்தது' என்று எண்ணி மறந்துவிடுகிறார்.

சில மாதங்களில் அது வாரம் ஒரு முறை என்றாகிறது. பிறகு நாள்தோறும் என்றாகிறது. சோறு மட்டுமன்று, கஞ்சியும் கோப்பியும்கூட நின்று நின்றே இறங்குகின்றன. இரவில் படுத்தால், மாலையில் உண்ட சோறு செரிக்காமல் அப்படியே தொண்டைக்கு ஏறி வருகிறது, தலையணை நனைகிறது, இருமல் வாட்டுகிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார அஞ்சுகிறார். 'விரதம்' என்று சொல்லித் தப்பிக்கிறார். வீட்டிலும் எல்லாரும் உண்ட பின்னர்த் தனியே சமையற்கட்டில் அமர்ந்து உண்கிறார்.

சுற்றியிருப்போர் என்ன சொல்கிறார்கள்? ஒருவர் 'வாயு' என்கிறார். ஒருவர் 'கண்ணேறு' என்கிறார். இன்னொருவர் 'செய்வினை' என்று சொல்லித் தாயத்துக்கு வழிகாட்டுகிறார். வயிற்றுப்புண் மருந்து மாதக்கணக்கில் விழுங்கியும் பயனில்லை. ஓராண்டுக்குள் அவருடைய சட்டை தொளதொளவென்று ஆகிவிடுகிறது.

பெருமக்களே, இந்தத் தாய் நம் கற்பனையில் தோன்றியவர். ஆயினும் இவர் படும் துன்பம் கற்பனையன்று. இத்தகைய நோயாளிகள் சரியான மருத்துவரை அடைவதற்கு முன்னர் பல ஆண்டுகள் அலைவது உலகெங்கும் காணப்படுகின்ற உண்மையாகும்.

உணவுக் குழாயின் வேலை

நோயை அறிய வேண்டுமானால், உறுப்பின் வேலையை முதலில் அறிய வேண்டும். தொண்டையிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் நம் நெஞ்சினுள் இறங்குகிறது. அதுவே உணவுக் குழாய். அது வெறும் தண்ணீர்க் குழாயைப் போன்றதன்று, தசையால் ஆனது. நாம் ஒரு கவளத்தை விழுங்கியதும், அந்தத் தசை மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கி, உணவைக் கீழே தள்ளிக்கொண்டு போகிறது. நாம் படுத்திருந்தாலும் விழுங்கிய நீர் வயிற்றுக்குப் போய்ச் சேர்வது இதனால்தான்.

குழாயின் கீழ் முனையில், அது இரைப்பையைச் சேரும் இடத்தில், வளையம் போன்ற ஒரு தசை உண்டு. அதனை ஒரு வாயிற்காப்போனுக்கு ஒப்பிடலாம். சாதாரண வேளைகளில் அவன் கதவை மூடியே வைத்திருக்கிறான். வயிற்றிலுள்ள புளித்த நீர் மேலே ஏறாமல் காக்கிறான். உணவு வரும்போது மட்டும் கதவைத் திறந்துவிட்டு, உணவு போனதும் மூடிக்கொள்கிறான். 'திற' என்னும் கட்டளையை அவனுக்குக் கொண்டு சேர்ப்பவை, குழாயின் சுவரிலேயே அமைந்துள்ள நுண்ணிய நரம்புகளாகும்.

அக்கலேசியா என்பது என்ன?

இந்த நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிந்துபோவதால் உண்டாகும் நோயையே மருத்துவர்கள் 'அக்கலேசியா' என்று அழைக்கின்றனர். 'தளர மறுத்தல்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்தாகும். கட்டளை வந்து சேராமையால் வாயிற்காப்போன் கதவைத் திறப்பதில்லை. அதே வேளையில், உணவைக் கீழே தள்ள வேண்டிய அலையும் ஒழுங்கிழந்துவிடுகிறது. ஆகவே உணவும் நீரும் குழாயிலேயே தேங்குகின்றன. நாளடைவில் குழாய் பை போல் அகன்றுவிடுகிறது.

பால்மரத்தில் வெட்டுக்கோடு வழியாக வரும் பால், மங்கில் விழும் வழி அடைபட்டால் என்ன ஆகும்? பால் வரத்து நிற்பதில்லை. பட்டை மீது வழிந்து வீணாகிறது. அதுபோலவே, வயிற்றுக்குச் செல்ல வழியில்லாத உணவு மேலே வழிகிறது; சில வேளைகளில் மூச்சுக் குழாய்க்குள்ளும் புகுந்து நுரையீரலைக் கெடுக்கிறது.

இந்நோய் அரிதானது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரில் ஒருவருக்குப் புதிதாகத் தோன்றுகிறது. ஆண், பெண் என்ற வேறுபாடோ, இன வேறுபாடோ இதற்கு இல்லை. எந்த வயதிலும் வரலாம். எனினும் 25 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையே, அதாவது உழைத்துச் சம்பாதிக்கும் வயதிலேயே மிகுதியாக வருகிறது. நரம்புகள் ஏன் அழிகின்றன என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை. உடலின் தற்காப்பு ஆற்றலே தவறுதலாகத் தன் நரம்புகளைத் தாக்குகிறது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். தென்னமெரிக்க நாடுகளில் ஒரு வகைப் பூச்சியின் மூலம் பரவும் 'சாகாஸ்' என்னும் நோயும் இதே போன்ற கேட்டை விளைவிப்பதுண்டு. நம் நாட்டில் காணப்படும் அக்கலேசியா தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் குடிப்பதாலோ அது பரவாது. நோயாளி செய்த பாவமும் அன்று. பிறர் செய்த வினையும் அன்று.

அடையாளம் காண்பது எப்படி?

இந்நோயின் முதன்மையான அடையாளத்தை நினைவிற் கொள்ளுங்கள். திட உணவு மட்டுமின்றி, தண்ணீரும் இறங்கத் தயங்கும். தொல்லை மெல்ல மெல்ல, மாதங்கள், ஆண்டுகள் எனக் கூடிக்கொண்டே போகும். உண்ட உணவு புளிப்பின்றி, செரிக்காத நிலையில் மேலே வரும். படுக்கும்போது இருமலும் மூச்சுத் திணறலும் தோன்றும். நெஞ்சின் நடுவே வலி எடுக்கும். உடல் எடை குறையும். அடிக்கடி நிமோனியாக் காய்ச்சல் வருவதும் உண்டு.

நெஞ்சு வலி என்றதும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நெஞ்சு வலி எதுவாயினும், அது உணவுக் குழாயால் வந்தது என்று நாமாகவே முடிவு கட்டுதல் கூடாது. அது இருதயத்தால் வந்ததா என்பதை முதலில் மருத்துவரே பார்த்துத் தெளிய வேண்டும்.

விழுங்குந்தொல்லை எல்லாம் ஒன்றல்ல

விழுங்குவதில் தொல்லை என்றாலே அக்கலேசியா என்று எண்ணிவிடலாகாது. தோட்டப்புறத்தில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய வேறு காரணங்களும் உள்ளன.

முதலாவது, அமிலத்தால் ஏற்படும் தீப்புண். பாலை உறைய வைப்பதற்குப் பயன்படும் பார்மிக் அமிலத்தை நாம் எல்லாரும் அறிவோம். நீர் கலக்காத அமிலம் தோலில் பட்டாலே புண்ணாகிறது. அப்படியாயின் மென்மையான உணவுக் குழாயை அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அமிலத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவதும், அதனை அடுப்பங்கரையில் வைப்பதும் பெருந்தவறு. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது அமிலம் என்று தெரியாது. விழுங்கியவர் உயிர் பிழைத்தாலும், புண் ஆறும்போது குழாய் சுருங்கி, சில வாரங்களில் வழி அடைபடும். பின்னர் அதனை மீண்டும் மீண்டும் விரிக்க வேண்டியிருக்கும்.

எவரேனும் அமிலத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முதன்முறை இறங்கும்போது சுட்ட அமிலம், மேலே ஏறும்போது மறுமுறையும் சுடும். முட்டை, எண்ணெய், சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டா. வாயை மட்டும் நீரால் கொப்பளிக்கச் செய்து, அந்தப் போத்தலையும் உடன் எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மனவேதனை மிகுந்து எவரேனும் அத்தகைய முடிவை நாடுவதாகத் தெரிந்தால், அவரைத் தனியே விடாதீர்கள். அன்போடு பேசி, மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். களைக்கொல்லி மருந்துகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அவற்றுள் கொடியதாகிய பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டிருப்பது ஏன் என்பதை நாம் உணர வேண்டும்.

இரண்டாவது, புற்றுநோய். இங்கேதான் பாக்கைப் பற்றிய செய்தி வருகிறது. வெற்றிலை பாக்கு நம் மங்கல நிகழ்ச்சிகளின் அடையாளம். தாம்பூலம் வைத்து அழைப்பது நம் மரபு. அந்த மரபை நாம் குறை கூறவில்லை. ஆனால் நாள் முழுதும் கன்னத்தில் அதக்கி வைத்துக்கொள்வது வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு மட்டுமின்றி, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் தெரிவித்துள்ளது. வாயோடு உணவுக் குழாயும் இதனால் கேடுறுகிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைக் காட்டிலும் இந்தியரிடையே, அதிலும் நம் மகளிரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. வெற்றிலையோடு சுருட்டும் சம்சுவும் சேர்ந்தால் கேடு பன்மடங்காகும்.

புற்றுநோயால் வரும் அடைப்பு பெரும்பாலும் முதலில் திட உணவையே தடுக்கும்; சில வாரங்களிலோ மாதங்களிலோ கஞ்சிக்கும், பிறகு தண்ணீருக்கும் வழி மறுக்கும். அக்கலேசியாவைப் போல் ஆண்டுக்கணக்கில் காத்திராது. ஆனால் இவ்வேறுபாட்டைக் கொண்டு நாமே நோயை முடிவு செய்துகொள்ள இயலாது. சில வேளைகளில் புற்றுநோயே அக்கலேசியாவைப் போல் வேடமிட்டு வருவதும் உண்டு.

மூன்றாவது, இரத்தச்சோகை. இரும்புச் சத்துக் குறைந்த சில பெண்களுக்குத் தொண்டைக்குச் சற்றுக் கீழே மெல்லிய சவ்வு வளர்ந்து, உணவு சிக்கிக்கொள்ளும். உரிய வேளையில் கண்டறிந்தால், இரும்புச் சத்து மாத்திரையாலும் எளிய சிகிச்சையாலும் அது தீர்ந்துவிடும்.

பரிசோதனைகள் எவை?

விழுங்குவதில் தொல்லை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். அங்கிருந்து நிபுணரைக் காணக் கடிதம் தருவார்கள். வட மாநிலங்களில் வாழ்வோருக்கு, இந்த ஜார்ஜ் டவுனில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்குப் பெரிய மருத்துவமனை நெடுங்காலமாகப் புகலிடமாக விளங்கி வருகிறது.

முதற் பரிசோதனை எண்டாஸ்கோப்பி ஆகும். 'ஸ்கோப் போடுவது' என்று நம்மவர் சொல்வது இதனைத்தான். மெல்லிய வளையும் குழாயை வாய்வழியே செலுத்தி, அதன் முனையிலுள்ள சிறு கேமராவின் மூலம் உள்ளே பார்ப்பார்கள். புண்ணோ, கட்டியோ உண்டா என்பது இதில் தெரியும். சந்தேகம் இருந்தால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தூக்க மருந்தோ, தொண்டையை மரக்கச் செய்யும் மருந்தோ தருவார்கள். ஒன்று மட்டும் முக்கியம். 'நான் உண்பது கீழே இறங்காமல் தேங்கி நிற்கிறது' என்பதை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். மற்றவர்களைவிட நீண்ட நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும், நீர் உணவோடு மட்டும் இருக்கும்படி அவர்கள் கூறக்கூடும். அதனைத் தவறாது பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது, பேரியம் பரிசோதனை. வெண்ணிறக் கூழ் ஒன்றைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அக்கலேசியா இருந்தால், மேலே அகன்றும் கீழே பறவையின் அலகு போல் கூர்மையாகக் குறுகியும் உணவுக் குழாய் படத்தில் தோன்றும்.

மூன்றாவது, அழுத்தம் அளக்கும் பரிசோதனை. மூக்கு வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, தசைகள் எவ்வாறு இயங்குகின்றன என்று கணக்கிடுவார்கள். அக்கலேசியாவை உறுதி செய்வது இதுவே. நோயில் மூன்று வகைகள் உண்டு; எந்த வகை என்பதையும் இது காட்டும். அதற்கேற்பவே சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சிகிச்சையின் வரலாறு

அக்கலேசியாவுக்குச் சிகிச்சை தேடிய வரலாறு நமக்கு ஊக்கம் தருவதாகும். 1674-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதி வைத்தார். திமிங்கில எலும்பில் செய்த மெல்லிய கோலின் முனையில் பஞ்சைக் கட்டி, உணவை அதனால் உள்ளே தள்ளிக்கொள்ளும்படி அவருக்குக் கற்பித்தார். அந்த மனிதர் பதினைந்து ஆண்டுகள் அவ்வாறே உண்டு உயிர் வாழ்ந்தார். இன்று கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும், அடைபட்ட கதவை விரித்தால் உயிர் பிழைக்கலாம் என்னும் உண்மையை அது உலகுக்கு உணர்த்தியது.

1913-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எர்னஸ்ட் ஹெல்லர் என்னும் அறுவை மருத்துவர், இறுகிய வளையத் தசையைக் கத்தியால் பிளந்து வழி உண்டாக்கினார். அவர் பெயரைத் தாங்கிய அறுவை முறை நூறாண்டுகள் கடந்தும் நின்று நிலவுகிறது. முன்னர் மார்பையோ வயிற்றையோ பெரிதாகத் திறந்து செய்தார்கள். 1990-களிலிருந்து வயிற்றில் சிறு துளைகள் இட்டே செய்யலாயினர். 2008-ஆம் ஆண்டு ஜப்பானின் யோகோகாமா நகரில் ஹாருஹிரோ இனோவே என்னும் மருத்துவர், வெளியே ஒரு கீறலும் இன்றி, வாய்வழியே செலுத்திய ஸ்கோப்பைக் கொண்டு உணவுக் குழாயின் சுவருக்குள்ளேயே சுரங்கம் போல் வழி அமைத்து அத்தசையை வெட்டினார். அம்முறை 'போயம்' என வழங்கப்படுகிறது.

இன்றுள்ள சிகிச்சைகள்

அழிந்த நரம்புகளை மீண்டும் உயிர்ப்பிக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே, இறுகிய கதவைத் தளர்த்தி, உணவு தன் பாரத்தாலேயே கீழே இறங்கும்படி செய்வதுதான் சிகிச்சையின் நோக்கம்.

மாத்திரைகளால் கிடைக்கும் பயன் சிறிது, அதுவும் நீடிப்பதில்லை. 'போடோக்ஸ்' என்னும் மருந்தை அத்தசையில் ஊசி மூலம் செலுத்தினால் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை பயன் தரும். அறுவைச் சிகிச்சையைத் தாங்க இயலாத முதியோருக்கு அது ஏற்றது.

அடுத்தது, காற்றுப் பலூன் முறை. 3 சென்டிமீட்டர் முதல் 4 சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள பலூனை வளையத் தசையினுள் வைத்து ஊதி விரிப்பார்கள். கத்தி தேவையில்லை. ஆனால் சிலருக்கு மறுமுறையும் செய்ய வேண்டி வரும். மிகச் சிலருக்குக் குழாயில் கிழிசல் ஏற்படக்கூடும். அதனால்தான் செய்த பின்னர்க் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பின்னர்க் கடுமையான நெஞ்சு வலியோ காய்ச்சலோ தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

பிறகு ஹெல்லர் அறுவையும் போயம் முறையும் உள்ளன. ஐரோப்பாவில் நடைபெற்று 2011-இல் வெளியான ஆய்வொன்றில், பலூன் முறையில் 100-க்கு 86 பேரும், ஹெல்லர் அறுவையில் 100-க்கு 90 பேரும் ஈராண்டுகளுக்குப் பின்னரும் நலமாக இருந்தனர். 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில் போயம் முறையும் ஹெல்லர் அறுவையும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. இரண்டிலும் 100-க்கு 80-க்கு மேற்பட்டோர் நலம் பெற்றனர். ஆனால் போயம் முறைக்குப் பின் வயிற்று அமிலம் மேலேறும் தொல்லை சற்று மிகுதி. ஹெல்லர் அறுவையின்போது அதனைத் தடுக்க இரைப்பையின் ஒரு பகுதியை மடித்துத் தைத்துவிடுவார்கள். எந்த முறை ஏற்றது என்பது நோயின் வகை, வயது, உடல் நிலை, அந்த மருத்துவமனையின் அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்தது. மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். மொழி தெரியாது என்று எண்ணினால், மலாய்மொழி அறிந்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த இடத்தில் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். சிகிச்சை பெற்றவரும் முன்போல் வேகவேகமாக உண்ண முடியாது. ஆயினும் மூன்று வேளையும் வயிறார உண்ணலாம், இழந்த எடையைப் பெறலாம், வேலைக்குத் திரும்பலாம், பந்தியில் மற்றவரோடு அமரலாம். நெடுநாள் தேக்கத்தால் உணவுக் குழாயில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. ஆகவே நலமான பின்னரும் மருத்துவர் குறித்த நாளில் சென்று காண்பது கட்டாயம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில பழக்கங்கள் துணைபுரியும். நிமிர்ந்து உட்கார்ந்து உண்ணுங்கள். சிறு சிறு கவளமாக எடுத்து நன்றாக மெல்லுங்கள். இடையிடையே வெதுவெதுப்பான நீர் பருகுங்கள். இறைச்சித் துண்டு, காய்ந்த ரொட்டி போன்றவற்றைவிடக் குழைந்த சோறு, கஞ்சி, பருப்பு, மசித்த காய்கறி, இட்டலி ஆகியவை எளிதில் இறங்கும். படுப்பதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்னரே இரவு உணவை முடித்துக்கொள்ளுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களின் கீழ்ப் பலகையோ செங்கல்லோ வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். மாத்திரைகளை ஒருபோதும் தண்ணீர் இன்றி விழுங்காதீர்கள்.

உணவு சிக்கி, தன் எச்சிலையும் விழுங்க இயலாத நிலை ஏற்பட்டால், அது அவசர நிலையாகும். விரலை விட்டோ குச்சியை விட்டோ தள்ளப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தயக்கம் எதனால்?

'ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே' என்னும் கவலையே நம்மவரைத் தடுக்கிறது என்பதை நாம் அறிவோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் 60 நாள் வரை விடுப்பு உண்டு. 2023-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இந்த 60 நாள், முற்கூறிய விடுப்போடு சேராமல் தனியே கணக்கிடப்படுகிறது. மருத்துவச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள்; விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

'செலவுக்கு என்ன செய்வது?' என்று கேட்கலாம். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். நிபுணரைக் காண்பதற்கு 5 ரிங்கிட். அதற்கு மேற்பட்ட செலவைச் சமாளிக்க இயலாதவர்கள் மருத்துவமனையில் உள்ள சமூகநல அதிகாரியை அணுகிக் கேட்கலாம். தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் செலவிடும் பணத்தை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு சிறிது என்பது விளங்கும். இறைவனை வேண்டுவதை யாரும் தடுக்கவில்லை. கோவிலுக்குச் சென்று வந்த கையோடு கிளினிக்கிற்கும் செல்லுங்கள் என்றே வேண்டுகிறோம்.

இந்த ஜார்ஜ் டவுனில் 1879-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ஊ லியென் தே என்பவரை இங்கு நினைவு கூர்வது பொருத்தமாகும். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, அது மூச்சின் வழியே பரவுகிறது என்று கண்டு, முகக்கவசம் அணியச் செய்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தவர் அவர். பிறர் கூறியதை அப்படியே நம்பாமல், நோயின் உண்மையான வழியைத் தேடிக் கண்டதே அவருடைய பெருமை. அந்த மனப்பான்மை நமக்கும் வேண்டும்.

பெருமக்களே! நாம் முதலில் எண்ணிப் பார்த்த அந்தத் தாய், அண்டை வீட்டில் இருக்கலாம். நம் வீட்டிலேயே இருக்கலாம். எல்லாரும் உண்ட பிறகு தனியே உண்பவர் யார், தட்டில் பாதியை மிச்சம் வைப்பவர் யார், இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுபவர் யார் என்று இன்று வீட்டுக்குச் சென்றதும் கவனியுங்கள். 'ஏன் அம்மா, சோறு இறங்கவில்லையா?' என்று அன்போடு கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், அடுத்த நாளே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அரை வயிற்றோடு உழைக்கும் கொடுமை இந்நோயால் எவருக்கும் நேராமல் காப்போமாக.